அசடு வழியும் பருவம்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையின் பெயரால் இதற்குமுன் பேசியவர்களின் பட்டியலைத் துறைத்தலைவர் எனக்கு அனுப்பியிருந்தார். கல்வெட்டு, பக்தி இலக்கியம், நாட்டார் தெய்வங்கள் என்று கனமான தலைப்புகள். அதன் அடியில் ‘பள்ளிக்கூடக் காதல் நாவல்’ என்று தட்டச்சு செய்தவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும். நான் பேசப்போவதும் சிரிப்பு வரவழைக்கும் புத்தகங்களைப் பற்றித்தான். அந்தச் சிரிப்பு எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதே இன்றைய பேச்சு.

உலகெங்கும் இந்த வகைக் கதைகள் உண்டு. ஜப்பானில் உண்டு, கொரியாவில் உண்டு. எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் நிற்காது. ஆகவே அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை நடுவில் வைத்து எழுதப்பட்ட மூன்று நாவல்கள். முதலாவது 1942இல் வந்தது, இரண்டாவது 1956இல், மூன்றாவது 2014இல்.

முதல் நாவலிலிருந்து ஒரு காட்சி. ஆஞ்சி மாரோ என்ற பெண்ணுக்குப் பதினேழு வயது. விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ ஏரிக்கரையில் உள்ள ஃபாண்ட் டு லாக் என்ற சிறிய ஊர். பள்ளிப்படிப்பு அப்போதுதான் முடிந்திருக்கிறது. ஜாக் டுலூத் என்ற பையன்மேல் அவளுக்குப் பிரியம். அவன் வீட்டில் பேக்கரி நடத்துகிறார்கள். ஜாக் ஒருநாள் ஆஞ்சியின் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். ஐஸ்கிரீம் சாப்பிடும்போது அவன் கரண்டி பல்லில் பட்டுச் சத்தம் போடுகிறது. அவ்வளவுதான் நடப்பது. ஆனால் ஆஞ்சிக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. தன் வீட்டாரின் மௌனமான நாகரிகத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் அவளுக்கு இடியாகக் கேட்கிறது. இவனைப் போய் நமக்குப் பிடித்திருக்கிறதே என்று கூசுகிறாள். இப்படிக் கூசுகிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கூசுகிறாள்.

மௌரீன் டேலி எழுதிய ‘செவன்டீன்த் சம்மர்’ அந்த நாவல். அயர்லாந்தில் 1921இல் பிறந்து, சிறுவயதிலேயே விஸ்கான்சினுக்கு வந்து வளர்ந்தவர். கல்லூரி மாணவியாக இருக்கும்போதே எழுதி முடித்துவிட்டார். பதிப்பகம் அதைப் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வெளியிட்டது. வாங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பெண்கள். இளையோர் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

அந்தக் கரண்டிக் காட்சியில்தான் இந்த வகையின் மூலவித்து இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் வளர்ந்த காதல் கதைகளில் குறுக்கே நிற்க யாராவது வேண்டும். சாதி நிற்கும், பணம் நிற்கும், மீசை வைத்த அப்பா நிற்பார், தாய்மாமன் அரிவாளோடு நிற்பான். இந்த நாவல்களில் குறுக்கே நிற்பது ஒன்றே ஒன்று: அசடு வழிந்துவிடுவோமோ என்ற பயம். கதையை முன்னால் தள்ளுவதும் அதுதான். வாசிக்கும் பெண் தலையணையில் முகம் புதைத்துச் சிரிப்பதும் அதை நினைத்துத்தான். இதை எழுதுவது எளிதென்று யாரும் நினைக்க வேண்டாம். அரிவாளை வைத்துப் பதற்றம் உண்டாக்க யாராலும் முடியும். ஐஸ்கிரீம் கரண்டியை வைத்து உண்டாக்கிப் பாருங்கள்.

1942 என்பது அமெரிக்கா போருக்குள் இறங்கிவிட்ட ஆண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நடக்கும் கோடையில் போர் இல்லை. ஆனால் அதை வாங்கிப் படித்த பெண்களின் அண்ணன்மார் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பையன் தொலைபேசியில் கூப்பிடுவானா மாட்டானா என்ற கவலைக்கு ஒரு முழு நாவலின் இடத்தைக் கொடுத்தவர் டேலி. அதற்கும் முன்பே, பள்ளியில் படிக்கும்போது ‘சிக்ஸ்டீன்’ என்றொரு சிறுகதை எழுதிப் பெயர் வாங்கியிருந்தார். பனிச்சறுக்குத் திடலில் ஒரு பையனைச் சந்தித்த பெண், அவன் கூப்பிடுவான் என்று காத்திருக்கிறாள். கூப்பிடவில்லை. கதை அவ்வளவுதான்.

தொலைபேசி என்றதும் இரண்டாவது நாவல் நினைவுக்கு வருகிறது. பெவர்லி கிளியரியின் ‘ஃபிஃப்டீன்’. கிளியரி 1916இல் பிறந்து 2021இல் நூற்று நான்கு வயதில் மறைந்தவர். வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா ஊரில் குழந்தைகள் நூலகராக வேலை பார்த்தபோது சில பையன்கள் வந்து, எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். அலமாரியில் அப்படி அதிகம் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் தன் எழுத்து வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நூலகர்கள் நாவலாசிரியர்களாக மாறினால் இதுதான் வசதி. வாசகர் யார், என்ன கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

‘ஃபிஃப்டீன்’ நாவலின் ஜேன் பர்டிக்குப் பதினைந்து வயது. அக்கம்பக்கத்து வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்டு கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறாள். ஒரு நாள் ஒரு முரட்டுச் சிறுமியிடம் மாட்டிக்கொள்கிறாள். அந்தக் குட்டிப் பிசாசு மைப்புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பளத்தில் ஊற்றிவிடுவேன் என்று மிரட்டுகிறது. அந்த நேரம் பார்த்து ஸ்டான் கிராண்டல் உள்ளே வருகிறான். கதாநாயகன் குதிரைமேல் வருவான் என்று நாம் எதிர்பார்ப்போம். இவன் குதிரை இறைச்சியோடு வருகிறான். நாய்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கடையில் அவனுக்கு வேலை. நம் பிள்ளைகள் ‘க’ பாஷை பேசுவதுபோல எழுத்துகளை மாற்றிப்போட்டுப் பேசும் ஒரு குறும்புப் பேச்சு அங்கேயும் உண்டு. அதில் இரண்டு வார்த்தை பேசி அந்தச் சிறுமியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டுப் போய்விடுகிறான். பெயர்கூடச் சொல்லவில்லை.

இங்கே கிளியரியின் கைத்திறனைப் பாருங்கள். வேறொரு நாவலாசிரியர் என்றால் அந்தப் பையனின் கண்ணழகில் இரண்டு பக்கம் செலவழித்திருப்பார். கிளியரியும் கண்ணைச் சொல்கிறார், ஆனால் கூடவே மைப்புட்டி இருக்கிறது, நாய்த்தீனி இருக்கிறது, கம்பளத்தின் விலை இருக்கிறது. பிறகு அவன் தொலைபேசியில் கூப்பிடும்போது அப்பாவும் அம்மாவும் காது கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள். தொலைபேசி வீட்டுக்கே பொதுவாக இருந்த காலத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. ‘ம்’, ‘சரி’, ‘ஆமா’ என்ற மூன்று சொல்லில் உயிர்போகும் உரையாடலை நடத்தியவர்கள் இந்த அரங்கின் பின்வரிசையில் இப்போதும் இருக்கலாம். முன்வரிசையிலும் இருக்கலாம்.

அந்தப் பெற்றோர் வில்லன்கள் இல்லை என்பதுதான் முக்கியம். அவர்கள் மகளைத் தடுக்கவில்லை, கொஞ்சம் கேலி செய்கிறார்கள், அவ்வளவே. பதினைந்து வயதில் தடையைவிடக் கேலி மோசம். தடுத்தால் எதிர்த்து நிற்கலாம். கேலி செய்தால் எங்கே போய் நிற்பது?

ஸ்டான் அவளை நண்பர்களோடு சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனுக்குச் சாப்பிட அழைத்துப் போகிறான். போவது கடையின் இறைச்சி வண்டியில். அங்கே வைக்கப்படும் உணவு ஜேனுக்குப் பழக்கமில்லாதது. மற்றவர்கள் ரசித்துச் சாப்பிட, அவள் தட்டைப் பார்த்துத் திணறுகிறாள். 1956இல் வந்த நாவலில் சீன உணவு, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் அசட்டுத்தனத்தைக் காட்டுவதற்கு வந்த தட்டு. அந்த உணவைச் சமைத்த குடும்பத்திலும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுடைய தொலைபேசி எப்போது ஒலிக்கும் என்று கேட்க அந்தக் காலப் பதிப்புலகத்தில் யாரும் இல்லை. மூன்றாவது நாவல் வரும்வரை இந்தத் தட்டை மேசையிலேயே வைத்திருப்போம்.

இடையில் ஒரு பெரிய வியாபாரம் நடந்தது. அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1980களில் பதின்பருவக் காதல் நாவல் தொழிற்சாலைச் சரக்கானது. 1983இல் தொடங்கிய ‘ஸ்வீட் வேலி ஹை’ வரிசையை உருவாக்கியவர் ஃபிரான்சின் பாஸ்கல். கதைச்சுருக்கம் அவருடையது, எழுதியவர்கள் வேறு பலர், அட்டையில் கேட் வில்லியம் என்ற புனைபெயர். கலிபோர்னியாவில் பொன்னிறக் கூந்தலோடு இரட்டைச் சகோதரிகள், அவர்களுக்குச் சிவப்பு ஃபியட் கார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன, கோடிக்கணக்கில் விற்றன. என் கணிப்பில் இந்த வரிசை நாம் பேசும் கலையைக் கொஞ்சம் மறந்தது. இரட்டையருக்கு அசடு வழியத் தெரியாது. அவர்களின் உடல் உடையளவில் ‘கச்சிதமான ஆறாம் அளவு’ என்று நூலுக்கு நூல் சொல்லப்பட்டது. 2008இல் மறுபதிப்பு வந்தபோது அது நான்காம் அளவாகச் சுருங்கியது. இருபத்தைந்து ஆண்டில் வாசகிகள் வளர்ந்தார்கள், கதாநாயகிகள் இளைத்தார்கள்.

இனி மூன்றாவது நாவல். ஜென்னி ஹான் எழுதிய ‘டு ஆல் தி பாய்ஸ் ஐ’வ் லவ்டு பிஃபோர்’. ஹான், வர்ஜீனியாவின் ரிச்மண்டில் கொரியக் குடும்பத்தில் 1980இல் பிறந்தவர். அவருடைய கதாநாயகி லாரா ஜீன் சாங் கோவி பதினாறு வயதுப் பெண். அம்மா கொரியர், இறந்துவிட்டார். அப்பா வெள்ளையர், மகப்பேறு மருத்துவர். அக்கா மார்கோ படிப்புக்காக ஸ்காட்லாந்து போகப்போகிறாள். தங்கை கிட்டிக்கு ஒன்பது வயது, வீட்டில் ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்பதுதான் அவளுடைய வாழ்நாள் லட்சியம்.

லாரா ஜீனுக்கு ஒரு பழக்கம். யார்மீதாவது பிரியம் தாங்க முடியாமல் போகும்போது அவனுக்கு ஒரு கடிதம் எழுதுவாள். எழுதி, உறையிலிட்டு, முகவரியும் எழுதி, அம்மா கொடுத்த தொப்பிப் பெட்டியில் பூட்டி வைப்பாள். அனுப்புவதற்காக எழுதியவை அல்ல. எழுதி முடித்தால் அந்தப் பிரியம் முடிந்தது என்பது அவள் கணக்கு. இப்படி ஐந்து கடிதங்கள். ஒரு நாள் ஐந்தும் தபாலில் போய்விடுகின்றன. ஐந்தில் ஒன்று அக்காவின் காதலனாக இருந்து, அண்மையில் கழற்றிவிடப்பட்ட பக்கத்து வீட்டு ஜாஷுக்கு!

நம் அக மரபில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி செய்திருக்கிறது. பெயர் வந்தால் அது அகம் ஆகாது. லாரா ஜீனின் கடிதங்களும் பெட்டிக்குள் இருந்தவரை அகம்தான். அவள் செய்த ஒரே பிழை உறைமேல் பெயரும் தெருவும் எழுதியது. அந்தக் கடிதங்கள் வெளியே போன கணத்தில் பள்ளிக்கூடத்து நடைக்கூடம் முழுவதும் அலர் எழுகிறது. சங்கப் பாட்டில் அலர் தூற்றும் ஊர்ப்பெண்டிர் செய்யும் வேலையை இங்கே பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்குப் போன வகுப்புத் தோழர்கள் செய்கிறார்கள். இந்தக் கதையின் தொடர்ச்சியான இரண்டாம் நூலில் அதையே இன்ஸ்டாகிராம் செய்கிறது. சங்க இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு இந்த நாவல் புதிதாகவே இருக்காது. தோழி இருக்கிறாள், ஊர் இருக்கிறது, களவு இருக்கிறது. செவிலித்தாயின் இடத்தில் மட்டும் ஒன்பது வயதுத் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். கடிதங்களைத் தபாலில் போட்டதும் அவள்தான். நாவலில் லாரா ஜீன் தன்னைக் கேலி செய்த கோபத்தில் செய்கிறாள். பின்னால் வந்த திரைப்படம் அதை அக்காவின் நன்மைக்காகச் செய்ததாக மாற்றிவிட்டது. எனக்கு நாவலின் கிட்டியைத்தான் பிடிக்கிறது. பழிவாங்கும் தங்கைகளுக்கு உலகத்தில் ஒரு தனி மரியாதை உண்டு.

கடிதம் கிடைத்தவர்களில் இன்னொருவன் பீட்டர் கவின்ஸ்கி. லக்ராஸ் விளையாட்டு ஆடுபவன், பள்ளியில் எல்லோருக்கும் பிடித்தவன், அது தனக்கும் தெரிந்தவன். தன்னை விட்டுப்போன ஜெனவீவைப் பொறாமைப்பட வைக்க அவனுக்கு ஒரு பெண் தேவை. ஜாஷுக்கு எழுதிய கடிதம் பழைய கதை என்று நம்பவைக்க அவளுக்கு ஒரு பையன் தேவை. இருவரும் காதலிப்பதாக நடிக்கலாம் என்று உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள்.

நடித்த காதல் மெய்யாவது நம் சினிமாவுக்குப் பழகிய பண்டம்தான். முடிவு எல்லோருக்கும் முதல் ஐம்பது பக்கத்திலேயே தெரியும். ஆனாலும் ஏன் படிக்கிறோம்? அந்த ஏற்பாடு அசடு வழியும் பயத்திலிருந்து இருவருக்கும் தற்காலிக விடுதலை கொடுக்கிறது. நடிப்புதானே என்ற சாக்கு இருப்பதால் உண்மையில் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடலாம், கையைப் பிடித்துவிடலாம், அவன் அப்பா குடும்பத்தை விட்டுப்போனதைப் பற்றிப் பேசலாம், அவள் அம்மா இறந்ததைப் பற்றிப் பேசலாம். ஆஞ்சிக்கும் ஜேனுக்கும் இந்த வசதி கிடைக்கவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் நிஜம், ஆகவே ஒவ்வொரு கரண்டிச் சத்தமும் கணக்கில் ஏறியது. ஹான் ஒரு பொய்யை நடுவில் வைத்து இரண்டு பிள்ளைகளையும் உண்மை பேசவைத்தார். இலகுவான நாவல் என்று நாம் தள்ளிவைக்கும் ஒன்றுக்குள் இவ்வளவு இறுக்கமான கட்டுமானம் இருக்கிறது.

லாரா ஜீனுக்குக் கார் ஓட்டப் பயம். அமெரிக்கப் புறநகரில் பதினாறு வயது என்றால் ஓட்டுநர் உரிமம் என்று பொருள். அக்கா ஊருக்குப் போனதும் தங்கையைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் பொறுப்பு இவளுக்கு வருகிறது. பீட்டர் காலையில் காரோடு வந்து நிற்பதன் முழு மதிப்பும் அந்த ஊர் அமைப்பு தெரிந்தால்தான் புரியும். பேருந்து இல்லாத தெருவில் கார் கொண்டுவருகிறவன் பூங்கொத்து கொண்டுவருகிறவனைவிடப் பெரியவன்.

இப்போது அந்தத் தட்டுக்கு வருவோம். நாவலில் ஹாலோவீன் வருகிறது. லாரா ஜீன் ஹாரி பாட்டர் கதையில் வரும் சோ சாங்காக வேடம் போடுகிறாள். பார்க்கிறவர்கள் ஏதோ ஜப்பானியச் சித்திரக்கதைப் பாத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆசிய முகம் கொண்ட பெண் என்ன வேடம் போட்டாலும் பார்ப்பவர் கண்ணில் ஒரே வேடம்தான். ஹான் இதைச் சிரிப்போடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார், மேடை போட்டுப் பேசவில்லை. சைனாடவுன் உணவகத்தின் சமையற்கட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து கதையின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்தபின்னும் அவளுக்கு அசடு வழிய உரிமை இருக்கிறது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சிறுபான்மைச் சமூகத்துப் பெண்ணைப் பற்றி எழுதினால் துயரத்தைத்தான் எழுத வேண்டும் என்று ஒரு எழுதாத விதி இருக்கிறது. அவளுக்கும் ஒரு பையன் காலையில் காரோடு வருவானா என்ற அற்பக் கவலை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

ஒப்புக்கொள்ளவைப்பதும் லேசாக நடக்கவில்லை. படமாக எடுக்கப் பலர் வந்தார்கள், கதாநாயகி ஆசியப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹான் சொன்னதும் ஆர்வம் வற்றியது. அவரே இதை 2018இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். சம்மதித்த ஒரே தயாரிப்பு நிறுவனத்துக்குத்தான் உரிமையைக் கொடுத்தார். லானா காண்டர் நடித்த படம் அந்த ஆண்டு ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. வெளியான வேகத்தில் உலகம் முழுவதும் பதின்பருவத்தினர் பார்த்துத் தீர்த்தார்கள். அதில் பீட்டர் குடிக்கும் யாகுல்ட் பானப் புட்டிக்குக்கூட மவுசு வந்தது.

அந்தக் கதவு திறந்தபின் உள்ளே வந்தவர்களில் நம் வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. 2020இல் மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் உருவாக்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரின் தேவி விஸ்வகுமார் கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்தவர், ஈழத்தமிழ்க் குடும்பம். தேவியும் அப்பாவைப் பறிகொடுத்தவள். சேலை கட்டிக்கொண்டு பிள்ளையார் பூசைக்குப் போகும் நாளில், தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று ஒடுங்குகிறாள். அது நாவலல்ல, தொலைக்காட்சித் தொடர். ஆனாலும் ஆஞ்சியின் நாற்காலியில்தான் தேவியும் நெளிகிறாள்.

எதிர்க்கேள்வி ஒன்று வரும் என்று தெரியும். இவ்வளவு இனிப்பு நல்லதா, வாழ்க்கை இப்படியா இருக்கிறது? 1975இல் ஜூடி ப்ளூம் ‘ஃபாரெவர்’ எழுதியபோது பதின்பருவக் காதலில் உடல் உண்டு என்பதை ஒளிக்காமல் எழுதினார். பள்ளி நூலகங்களிலிருந்து அந்த நூலை நீக்கச் சொல்லிப் பல பத்தாண்டுகளாகப் போராட்டம் நடக்கிறது. அந்தத் துணிவு ‘ஃபிஃப்டீன்’ நாவலில் இல்லை, உண்மை. ஆனால் ப்ளூமின் நூல் இருப்பதால் கிளியரியின் நூல் பொய்யாகிவிடாது. பதினைந்து வயதில் ஒருத்திக்கு உடலைப் பற்றிய கேள்வியும் இருக்கும், ஐஸ்கிரீம் கரண்டியைப் பற்றிய பயமும் இருக்கும். இரண்டாவதை எழுதுகிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு. இந்த நாவல்களில் வீட்டு வேலை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். அம்மா இல்லாத வீட்டில் மார்கோ அம்மாவாகிறாள், அவள் போனதும் லாரா ஜீன் அம்மாவாகிறாள். சமைக்கிறாள், பிஸ்கட் சுடுகிறாள், தங்கைக்குத் தலை பின்னுகிறாள். நூல் அதை அன்பாகக் காட்டுகிறது, அன்புதான். ஆனால் அப்பா டாக்டராகவே இருக்கிறார். ஆஞ்சியின் வீட்டிலும் இதே கதை, மகள்கள் பாத்திரம் கழுவிவிட்டுத்தான் காதலிக்கப் போக வேண்டும். அந்த வீட்டிலும் ஆஞ்சியின் சகோதரிகள் மூவரில் ஒருத்தி மார்கரெட், கடைசித் தங்கை கிட்டி! எழுபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் மார்கரெட்டும் கிட்டியும், மார்கோவும் கிட்டியும். தற்செயலாகவும் இருக்கலாம், பாட்டிக்கு ஒரு பேத்தி செய்யும் வணக்கமாகவும் இருக்கலாம்.

‘செவன்டீன்த் சம்மர்’ முடிவில் ஜாக்கின் குடும்பம் ஓக்லஹோமாவுக்குத் திரும்புகிறது. ஆஞ்சி கல்லூரிக்கு ரயிலேறுகிறாள். முதல் நாவலே சேர்த்துவைக்காமல்தான் முடிந்தது. லாரா ஜீனின் அம்மா மகள்களுக்கு ஒரு புத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: காதலனோடு கல்லூரிக்குப் போகாதே. அந்த வாக்குக்காகத்தான் மார்கோ ஜாஷை விட்டாள். 2017இல் வந்த மூன்றாம் நூலில் அதே வாக்கு லாரா ஜீன் முன் வந்து நிற்கிறது. பீட்டர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். அவளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை, வடக்குக் கரோலினாவின் சேப்பல் ஹில்லுக்குப் போகிறாள். இடையில் சில மணி நேரக் கார்ப் பயணம். அவளோ கார் ஓட்டப் பயப்படுகிறவள். பீட்டர் அவளுடைய பள்ளி ஆண்டு மலரில் ஒரு புதிய உடன்படிக்கை எழுதிக் கொடுக்கிறான். இந்த முறை நடிப்பு இல்லை.

அந்த உடன்படிக்கை முதல் செமஸ்டரைத் தாண்டியதா என்று ஹான் அந்த நூலில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் சரி. அதற்குமேல் நடப்பது பெரியவர்களின் நாவல், அதைப் பேச வேறோர் அறக்கட்டளைதான் வைக்க வேண்டும்.